ஈரப்பலாவும் பட்டிப்பூவும்

தெஹிவளை என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இலங்கை மக்களின் நினைவுக்கு வருவது அங்குள்ள மிருகக்காட்சிச்சாலையே. ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானிய வணிகர் விலங்குகளைச் சேர்த்து வைத்திருந்த அந்த இடத்தை 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆயினும் ஊரின் பெயர் விலங்கைச் சார்ந்ததன்று. ‘தெஹி’ என்பது தேசிக்காயைக் குறிக்கும் சிங்களச் சொல். தேசி மரங்கள் மலிந்திருந்தமையால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்று கூறுவாரும் உளர். அக்கூற்று எவ்வாறாயினும், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே விரிந்து கிடந்த பழைய வளவுகள் மரத்தாலும் பூவாலும் நிறைந்திருந்தன என்பதில் ஐயமில்லை. வீட்டின் பின்புறத்தில், கிணற்றடியை ஒட்டி, தென்னையும் மாவும் பலாவும் ஈரப்பலாவும் நின்றன. முன்புறத்தில் செவ்வரத்தையும் குரோட்டனும், மதிலோரத்தில் பட்டிப்பூவும் இருந்தன. பின்வளவு வயிற்றுக்கு, முன்வளவு கண்ணுக்கு என்பது எழுதப்படாத ஒழுங்கு.

அவ்வொழுங்கு இப்போது குலைந்துவிட்டது. தெஹிவளையிலும் அதற்கு வடக்கே வாய்க்காலுக்கு அப்பாலுள்ள வெள்ளவத்தையிலும் நிலம் துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச் என்பது நேயர்கள் அறிந்த கணக்கு. முன்னோர் அரை ஏக்கரில் வாழ்ந்த இடத்தில் இன்று 6 பேர்ச்சிலும் 8 பேர்ச்சிலும் வீடுகள் எழுந்துள்ளன. பல இடங்களில் அவையும் போய், மாடிக் குடியிருப்புகள் வந்துவிட்டன. எஞ்சியுள்ள கையகல மண்ணில் எதை நடுவது? பழமரம் ஒன்றா, ஆண்டு முழுவதும் பூக்கும் செடி ஒன்றா? இரண்டுக்கும் இடமில்லாத வீட்டில் இஃது ஒரு வழக்காகவே மாறிவிடுகின்றது. மரம் பயனுடையது, செடி வெறும் அழகு என்று ஒரு சாரார் தீர்ப்புக் கூறுவர். மரம் மதிலை உடைக்கும், செடி ஒருவருக்கும் தீங்கு செய்யாது என்று மறுசாரார் விடையிறுப்பர்.

இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு முன், தெஹிவளை மண்ணில் நன்கு வேரூன்றிய இருவரின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம். ஒன்று ஈரப்பலா, மற்றது பட்டிப்பூ. தமிழ்நாட்டார் முன்னதைச் சீமைப்பலா என்றும் கறிப்பலா என்றும், பின்னதை நித்தியகல்யாணி என்றும் வழங்குவர். இரண்டும் இந்நாட்டுக்கு உரியவை அல்ல. கடல் கடந்து வந்தவை. ஒவ்வொன்றையும் எதற்காக மனிதர் கொண்டுவந்தனரோ அந்த நோக்கத்தோடு அதன் வரலாறு நின்றுவிடவில்லை என்பதே இரண்டுக்குமுள்ள பெரிய ஒற்றுமை.

ஈரப்பலாவின் தாயகம் நியூகினித் தீவும் அதனை அடுத்த பகுதிகளுமாகும். விதையுள்ள காட்டினத்திலிருந்து விதையற்ற நல்லினத்தைத் தெரிந்தெடுத்து வளர்த்தவர்கள் பசிபிக் தீவுகளின் மக்கள். விதையற்ற மரம் தானாகப் பரவாது. வேரிற் காயம் பட்டால் அவ்விடத்தில் ஒரு முளை கிளம்பும். அம்முளையைப் பெயர்த்தெடுத்து நட்டாலன்றி அடுத்த மரம் இல்லை. ஆகவே இன்று உலகில் விதையற்ற ஈரப்பலா ஒன்று எங்கே நின்றாலும், அங்கே அதனை ஒரு மனிதன் கையிற் கொண்டுவந்திருக்கிறான் என்று துணிந்து கூறலாம். பசிபிக் மக்கள் தம் தோணிகளில் உப்புநீர் படாமல் அம்முளைகளைக் காத்து, தீவுக்குத் தீவு கொண்டு சென்று நட்டனர்.

1769ஆம் ஆண்டில் கப்பற்றலைவர் குக் என்பாரோடு தஹிட்டித் தீவை அடைந்த யோசேப் பாங்க்ஸ் என்னும் இளைஞர் இம்மரத்தைக் கண்டு வியந்தார். உழுவதும் விதைப்பதுமின்றி ஒரு மரம் ஒரு குடும்பத்துக்கு உணவு தருகின்றதே என்பது அவர் வியப்பு. பிற்காலத்தில் அவர் இங்கிலாந்தின் செல்வாக்கு மிக்க தாவரவியலறிஞராக விளங்கினார். அக்காலத்தில் யமேக்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் உழைத்து வந்தனர். அமெரிக்க விடுதலைப் போரினாற் கப்பற் போக்குவரத்துத் தடைப்பட்டதும், அடுத்தடுத்துச் சூறாவளிகள் தாக்கியதும் சேர்ந்து அங்கே பஞ்சத்தை உண்டாக்கின. ஆயிரக்கணக்கான அடிமைகள் மாண்டனர். தோட்ட முதலாளிகளின் கவலை அடிமைகளுக்கு மலிவான உணவு தேடுவதாக இருந்தது. அதற்கு ஈரப்பலாவே ஏற்றது என்று பாங்க்ஸ் பரிந்துரைத்தார்.

இவ்வாறு புறப்பட்டதே ‘பவுண்டி’ என்னும் கப்பல். வில்லியம் பிளை என்பாரின் தலைமையில் 1787ஆம் ஆண்டு இறுதியில் அது இங்கிலாந்தை விட்டு நீங்கியது. தஹிட்டியில் ஐந்து திங்கள் தங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், 1789ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கப்பலில் கலகம் மூண்டது. கலகக்காரர் பிளையையும் அவருடன் 18 பேரையும் ஒரு சிறு படகில் இறக்கிவிட்டனர். கன்றுகளைக் கடலில் வீசினர். படகில் விடப்பட்டவர்கள் ஆறு வாரங்களுக்கு மேல் கடலில் அலைந்து திமோர்த் தீவை அடைந்தனர். அத்துடன் முயற்சி நிற்கவில்லை. ‘புரொவிடன்ஸ்’ என்னும் மற்றொரு கப்பலில் பிளை மீண்டும் சென்று, 1793ஆம் ஆண்டில் சென். வின்சென்டிலும் யமேக்காவிலும் கன்றுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கன்றுகள் தழைத்தன, காய்த்தன. எவருக்காக அவை கொண்டுவரப்பட்டனவோ அவர்கள் உண்ண மறுத்தனர். பல்லாண்டு காலம் அக்காய் பன்றிகளுக்குத் தீனியாயிற்று. அடிமைமுறை ஒழிந்த பின்னரே மெல்ல மெல்ல மக்களின் விருப்பமான உணவாக அது மாறியது. இன்று ஈரப்பலா இல்லாத யமேக்கா விருந்தைக் காண்பது அரிது.

இலங்கைக்கு இம்மரம் வந்த வழி வேறு. கிழக்கிந்தியத் தீவுகளில் ஆட்சி செலுத்திய ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரத்தையும் 1658 முதல் 1796 வரை ஆண்டனர். அவர்கள் காலத்திலேயே ஈரப்பலா இங்கு வந்தது என்பது மரபுவழிச் செய்தி. அதனை ஒட்டி ஒரு கதையும் வழங்குகின்றது. உள்ளூர் மக்களை நோயுறச் செய்யும் எண்ணத்தோடு, உடலுக்குச் சூட்டை உண்டாக்கும் இக்காயை ஒல்லாந்தர் பரப்பினார்களாம். மக்களோ அதனைத் தேங்காய்ப் பாலிற் சமைத்துச் சூட்டைத் தணித்து, சுகமாக உண்டு கொழுத்தார்களாம். இக்கதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் அது ஓர் உண்மையைச் சுட்டுகின்றது. அந்நியர் கொணர்ந்த காயை இந்நாட்டார் தம் சமையலறையில் தமதாக்கிக் கொண்டனர். அவித்த ஈரப்பலாவைத் தேங்காய்ப் பூவோடும் சம்பலோடும் உண்ணும் வழக்கமும், அதன் பால்கறியும், மெல்லிய பொரியலும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றிக் கொழும்பு வீடுகளிலெல்லாம் பரவின. சிங்களத்தில் அதற்கு ‘ரட்ட தெல்’ என்று பெயர். அயல்நாட்டுத் தெல் என்பது பொருள். இந்நாட்டுக்கே உரிய ‘தெல்’ என்னும் காட்டுமரம் ஒன்று ஏற்கெனவே ஈர வலயத்தில் இருந்தமையால், புதிதாக வந்த உறவினனுக்கு அவ்வாறு பெயரிட்டனர்.

ஈரப்பலாவை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிய அதே பாங்க்ஸின் கை கொழும்பிலும் ஒரு தோட்டத்தைத் தொட்டது என்பது பலர் அறியாத செய்தி. அவருடைய ஆலோசனையின்படி 1810ஆம் ஆண்டில் கொம்பனித்தெருவில் அரசாங்கத் தாவரத் தோட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. இலண்டனிலுள்ள தோட்டத்தின் பெயரையே அதற்கும் சூட்டி, கியூ என்று அழைத்தனர். இன்றும் அங்குள்ள கியூ வீதி அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1812இல் அதன் பொறுப்பாளராக வந்த வில்லியம் கெர், சீனாவின் கன்டன் நகரிலிருந்து புலிநிற லில்லி முதலிய பல பூச்செடிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் புகழ் பெற்றவர். அவர் வந்த இரண்டாண்டுகளில் இங்கேயே காலமானார். வெள்ளத்தாற் பாதிக்கப்பட்ட தோட்டம் 1813இல் களுத்துறைக்கும், 1821இல் பேராதனைக்கும் மாறியது. பயன்மரத்தைப் போற்றிய பாங்க்ஸும் பூவைத் தேடி அலைந்த கெரும் ஒரே தோட்டத்தின் வரலாற்றில் இடம் பெறுகின்றனர். பயிர் வேறு, பூ வேறு என்று அத்தோட்டம் பிரித்து வைக்கவில்லை. எந்தச் செடியில் எந்தப் பயன் மறைந்துள்ளது என்பதை அறியும் வரை அதனை உயிரோடு காப்பதே தாவரத் தோட்டத்தின் பணி.

ஈரப்பலாவின் அருமையைக் கொழும்பு மக்கள் நன்கு உணர்ந்த காலம் இரண்டாம் உலகப் போர்க் காலமாகும். 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். இலங்கைக்குப் பெருவாரியாக அரிசி வழங்கி வந்த பர்மாவின் வாயில் அடைபட்டது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின் மீதே குண்டுகள் விழுந்தன. அரிசி பங்கீட்டு முறையில் அளந்து வழங்கப்பட்டது. வீட்டு வளவுகளில் மரவள்ளியும் வற்றாளையும் நடுமாறு அரசாங்கம் மக்களைத் தூண்டியது. புதிதாக நட்ட கிழங்கு விளைவதற்குத் திங்கள் பல வேண்டும். முன்னோர் நட்டுவைத்த ஈரப்பலாவோ கேட்காமலே காய்த்தது. நல்ல மரமொன்று ஆண்டுக்கு நூறு முதல் இருநூறு காய்கள் வரை தரவல்லது. நடுத்தரக் காய் ஒன்று நால்வருள்ள குடும்பத்துக்கு ஒரு வேளை உணவாகும். ஒரே பருவத்திற் காய்கள் திரண்டு முற்றுவதாலும், பறித்த காய் சில நாட்களுக்கு மேல் நில்லாமையாலும், ஒரு வீட்டார் தனித்து அவ்வளவையும் உண்டு தீர்க்க இயலாது. அயலார்க்குக் கொடுத்தே ஆகவேண்டும். மதிலுக்கு மேலால் கைமாறும் ஈரப்பலாக்காய் கொழும்பின் அயலுறவுக்கு ஓர் அடையாளமாயிற்று.

இனி, முன்வளவுக்கு வருவோம். பட்டிப்பூவின் தாயகம் மடகாஸ்கர்த் தீவு. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் விதைகள் பாரிஸ் நகரத்து அரச தோட்டத்தை அடைந்து, அங்கிருந்து இலண்டன் செல்சித் தோட்டத்துப் பிலிப் மில்லரின் கைக்கு வந்தன. 1759ஆம் ஆண்டில் லின்னேயஸ் அதற்கு அறிவியற் பெயரிட்டார். ஐரோப்பியர் அதனைக் கண்ணாடி வீட்டிற் சூடேற்றி வளர்த்தனர். வெப்ப நாடுகளிலோ அது எவர் துணையுமின்றி வளர்ந்தது. ஈரப்பலாவைப் போல் அது மனிதன் கையை எதிர்பார்த்திருக்கவில்லை. விதை விழுந்த இடமெல்லாம் முளைத்தது. மணற்பாங்கான நிலம், உப்புக் காற்று, நீரின்மை ஆகிய யாவற்றையும் அது பொறுக்கும். தெஹிவளைக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் தண்டவாளத்தின் ஓரத்திற் கூட அது பூத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆண்டின் எல்லா நாட்களிலும் பூப்பதனால் நித்தியகல்யாணி என்ற மங்கலப் பெயர் அதற்கு உண்டு. அதே செடிக்குச் சுடுகாட்டு மல்லிகை என்ற பெயரும் தமிழ்நாட்டில் உண்டு. சிங்களத்தில் ‘மினீ மல்’ என்பர். பிணப்பூ என்பது பொருள். புதைகுழிகளின் மேல் நட்டால், நீரூற்றுவாரில்லாமலே அது பூத்துக்கொண்டிருக்கும். ஆடு மாடுகளும் அதன் கசப்பான இலையைத் தீண்டா. கவனிப்பாரற்ற இடத்தின் பூ என்பதனாலேயே பலர் அதனை வீட்டு முற்றத்தில் வைக்கத் தயங்கினர். பயனற்ற செடிகளின் பட்டியலொன்றை அக்காலத்தில் எவரேனும் எழுதியிருப்பின், பட்டிப்பூவுக்கு அதில் முதலிடம் கிடைத்திருக்கும்.

அந்த மதிப்பீட்டை மாற்றிய நிகழ்ச்சி நடந்தது கனடாவில். நீரிழிவு நோய்க்குப் பட்டிப்பூ இலையின் கஷாயத்தை அருந்துவது யமேக்கா மக்களின் கைவைத்தியம். 1952ஆம் ஆண்டில் அத்தீவிலிருந்து ஒரு கடித உறையில் இவ்விலைகள் கிளார்க் நோபிள் என்னும் கனடிய மருத்துவருக்கு வந்தன. அவர் அவற்றை மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்த தம் சகோதரர் ரொபேட் நோபிளிடம் சேர்ப்பித்தார். எலிகளுக்கு இலைச்சாற்றை வாய்வழியே கொடுத்தபோது இரத்தத்திற் சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் ஏற்றியபோதோ எலிகள் இறந்தன. முயற்சி தோற்றது என்று வேறொருவர் அதனைக் கைவிட்டிருக்கலாம். நோபிள் இறப்பின் காரணத்தைத் தேடினார். இரத்தத்தின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்து, நோயை எதிர்க்கும் ஆற்றலை எலிகள் இழந்திருந்தன. வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகுவதே இரத்தப் புற்றுநோயின் இயல்பு. அவ்வாறாயின், வெள்ளணுவைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகக் கூடுமன்றோ?

இரசாயன அறிஞர் சார்ல்ஸ் பியர் அவரோடு சேர்ந்து உழைத்து, அப்பொருளைப் பிரித்தெடுத்தார். வின்பிளாஸ்டின் எனப் பெயர் பெற்ற அதனை 1958ஆம் ஆண்டில் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தாரும் தனியே இதே செடியை ஆராய்ந்து வந்தனர். அங்கு கண்டறியப்பட்ட வின்கிரிஸ்டின் என்னும் மருந்து 1963ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. உயிரணுவொன்று இரண்டாகப் பிரியும்போது, அதனுள்ளே மெல்லிய இழைகள் தோன்றி மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துச் செல்லும். இம்மருந்துகள் அவ்விழைகள் உருவாகாமற் செய்கின்றன. பிரிய முடியாத அணு மடிகின்றது. வேறு மருந்துகளோடு சேர்த்து வின்கிரிஸ்டினை வழங்கும் முறை வந்த பின்னர், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளிற் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கதாயிற்று. அதற்கு முன் அந்நோய் கண்ட குழந்தை சில திங்கள் அளவே உயிர் வாழும். இன்று இரு மருந்துகளும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளன. தெஹிவளைக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள மகரகமையிலேயே நாட்டின் தலைமைப் புற்றுநோய் மருத்துவமனை அமைந்திருக்கின்றது. நோயுற்ற குழந்தையுடன் அங்கே தங்கியிருக்கும் பெற்றோரிற் பலர், கையில் ஏறும் மருந்துக்கும் தம் வீட்டு மதிலோரப் பூவுக்கும் உள்ள உறவை அறியார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு கிராம் வின்பிளாஸ்டினைப் பெறுவதற்கு ஏறத்தாழ 500 கிலோகிராம் உலர்ந்த இலை தேவை. வின்கிரிஸ்டின் அதனினும் அரிது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் நித்தியகல்யாணியைப் பயிராகவே வளர்த்து, இலையையும் வேரையும் மருந்துத் தொழிலுக்கு விற்கின்றனர். அவ்வளவு இலையும் ஆய்வுகூடத்தில் வடிக்கப்பட்டு, மருத்துவர் கையில் அளந்து ஏற்றப்படும்போதுதான் மருந்து. வீட்டில் பறித்த இலை நஞ்சு. அதனை மென்று தின்பதாலும் கஷாயமிட்டுக் குடிப்பதாலும் புற்றுநோய் தீராது, தீங்கே விளையும்.

மரத்துக்கும் செடிக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இங்கேதான் புலப்படுகின்றது. ஈரப்பலாவின் பயன் நேரடியானது. கத்தியும் அடுப்பும் இருந்தாற் போதும். பட்டிப்பூவின் பயனோ நெடுந்தொலைவு சுற்றி வருவது. வயல், ஆய்வுகூடம், கப்பல், மருத்துவமனை ஆகிய அத்தனையும் ஒழுங்காக இயங்கினாலன்றி அது நோயாளியை அடையாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கை மக்கள் இவ்விரண்டையும் ஒருங்கே கண்டனர். அந்நியச் செலாவணி இல்லாமற் போகவே மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. உணவுப் பொருள்களின் விலை ஏறியது. வீட்டுத் தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அமைச்சரவை முடிவு செய்தது. ஈரப்பலா நின்ற வளவுகளில் அடுப்பு எரிந்தது. மதிலோரத்துப் பட்டிப்பூ வழமை போற் பூத்தது. ஆயினும் மருந்தாக அது திரும்பி வரும் பாதை அடைபட்டிருந்தது.

அப்படியானால் மரமே வென்றது என்று கூறிவிடலாமா? நிலத்தின் கணக்கு அதற்கு இடங்கொடுப்பதில்லை. வளர்ந்த ஈரப்பலாவின் நிழல் 30 அடி விட்டமாவது விரியும். அதன் பரப்பு 700 சதுர அடிக்கு மேல். 10 பேர்ச் நிலத்தின் நாலில் ஒரு பங்கு. 6 பேர்ச் நிலத்தில் வீடு கட்டிய பின் அவ்வளவு இடம் எஞ்சாது. மேலோடும் வேர்கள் வடிகாலையும் மதிலையும் நெருக்கும். அகன்ற இலைகள் உதிர்ந்து கூரைப் பீலியை அடைக்கும். முற்றிய காய் ஓட்டின் மேல் விழும். கொப்புகள் காற்றில் முறியும். நட்டவர் பயன் காண ஐந்தாண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். அதன்பின் மரம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். பட்டிப்பூவுக்கோ ஒரு சாடி மண் போதும். விதைத்த சில திங்களில் பூக்கும். சில ஆண்டுகளில் தாய்ச்செடி முதிர்ந்தாலும் அதன் அடியிலேயே கன்றுகள் எழும். ஐந்தாம் மாடியில் வாழ்பவரும் அதனை வைத்திருக்கலாம். வாடகை வீட்டை விட்டுப் போகும்போது கையோடு எடுத்தும் செல்லலாம். ஊர் விட்டு ஊர் பெயர்ந்து வந்து தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது சிறு காரியமன்று. நாளை எங்கே இருப்போம் என்று அறியாதவர் மரம் நடுவதற்கு முன் இருமுறை சிந்திப்பர். பூச்சாடி வைப்பதற்கு அவ்வளவு சிந்தனை தேவையில்லை.

ஆகவே, தனி வீட்டின் சிறு முற்றத்துக்கு ஏற்றது பட்டிப்பூவே. ஈரப்பலாவுக்கு ஒரு குடும்பத்தின் நிலம் இனிப் போதாது. பலர் சேர்ந்த நிலம் வேண்டும். பாடசாலை வளவு, கோவில் வீதி, மாடிக் குடியிருப்பின் பொது முற்றம் ஆகியவற்றில் கட்டிடத்திலிருந்து 25 அடியேனும் தள்ளி ஒரு மரம் நின்றால், அதன் காய்கள் பல வீடுகளுக்குப் பங்கிடப்படும். பழைய வளவுக்காரர் மதிலுக்கு மேலாற் கொடுத்ததை, இன்றைய குடியிருப்பாளர் மாடிப் படிகளிற் கொண்டுசென்று கொடுக்கலாம். இப்போதைய வழக்கமோ வேறு: காணி விலைப்பட்டவுடன் முதலில் விழுவது பின்வளவு மரம். விதையற்ற மரமாதலால் அது தானாக மீண்டும் எழாது. வெட்டுவதற்கு முன் அதன் வேரோரத்து முளை ஒன்றைப் பெயர்த்து வேறோரிடத்தில் நட்டுவிடுவதற்கு ஒரு மண்வெட்டியும் அரை மணி நேரமுமே வேண்டும்.